‘பார்த்தா தெரியுது, கேட்டா வரல’: குரூப் 4 ஆன்லைன் பயிற்சியில் ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அதற்குத் தெற்கே, மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் அரசுப் பணிக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக நானும் இன்னோர் ஆசிரியரும் வாரத்தில் இரண்டு மாலை உட்காருகிறோம். மற்ற நாட்களில் எல்லோரும் கைபேசியில், ஒரு பயிற்சிச் செயலியில்தான் படிக்கிறார்கள். அந்தச் செயலி ஆளுக்குத் தகுந்தபடி பாடம் கொடுக்கும். நாம் போடும் விடைகளைப் பார்த்து அடுத்து எந்தப் பாடம், எந்தக் கேள்வி என்று அதுவே முடிவு செய்யும். தேறிவிட்டதாக அது நினைக்கும் பாடத்துக்குப் பச்சைக் குறி விழும். அப்புறம் அந்தப் பாடத்திலிருந்து கேள்வி வருவது குறைந்துவிடும்.

இந்த ஆய்வு அங்கே படித்த ஒருவரைப் பற்றியது. 26 வயது, பட்டதாரி. கணவருக்குத் திருப்பூரில் வேலை. மூன்று வயது மகளோடு இவர் அப்பா வீட்டில் இருக்கிறார். ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கு நோட்டு இவர் பொறுப்பு. குழந்தை தூங்கியபின், இரவு ஒன்பதரைக்கு மேல்தான் படிப்பு. வீட்டில் நல்ல கைபேசி ஒன்றுதான். கல்லூரியில் படிக்கும் தம்பியும் அதைத்தான் எடுப்பான். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

குரூப் 4 எழுதாதவர்களுக்காக: மூன்று மணி நேரம், 200 கேள்வி, 300 மதிப்பெண். தமிழில் 100 கேள்வி, பொது அறிவில் 75, திறனறிவில் (கணக்கும் புதிர்களும்) 25. தமிழில் 150-க்கு 60 மதிப்பெண்ணாவது எடுத்தால்தான் மற்ற பகுதியைத் திருத்துவார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. 2020-இலிருந்து விடைத்தாளில் நான்கு விடைகளோடு ‘விடை தெரியவில்லை’ என்று ஐந்தாவது வட்டமும் இருக்கிறது. மதிப்பெண் குறைப்பு இல்லாததால் அந்த வட்டத்தை யாரும் தொடுவதில்லை. தெரியாவிட்டாலும் ஏதாவது ஒன்றை நிரப்பிவிட்டு வா என்றுதான் எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். தேர்வு அறைக்கு அது சரியான அறிவுரை. அதையே வீட்டுப் படிப்புக்கும் கொண்டுபோனால் ‘எனக்கு இது தெரியாது’ என்று தனக்குத்தானே சொல்லும் பழக்கமே ஒருவருக்கு வராமல் போய்விடும். இது எங்களுக்கு உறைக்க மாதக்கணக்கில் ஆயிற்று.

தனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எப்படிப் படித்தால் தனக்கு நிற்கும் என்று அறிந்து நடந்துகொள்ளும் திறனுக்குத்தான் மீயறிதல் என்று பெயர். உளவியலாளர் ஜான் ஃபிளேவல் 1979-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது தனித் துறையாகவே வளர்ந்தது. 1990-இல் நெல்சனும் நாரன்ஸும் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். படிப்பு எப்படிப் போகிறது என்று உள்ளுக்குள் கவனிப்பது ஒன்று. கவனித்ததை வைத்து அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பது இன்னொன்று. இந்தப் பிரிவினை எங்களுக்குப் பெரிதும் உதவியது. ஏனென்றால் ஆளுக்குத் தகுந்தபடி பாடம் கொடுக்கும் செயலி, இந்த இரண்டு வேலையையும் படிப்பவரிடமிருந்து வாங்கித் தன் தலையில் போட்டுக்கொள்கிறது.

## ஆவணி, புரட்டாசி: பச்சைக் குறிகள்

சேர்ந்த இரண்டு மாதத்துக்குள் தமிழில் ஏறக்குறைய எல்லாப் பாடத்துக்கும், பொது அறிவில் பாதிக்கும் அவருக்குப் பச்சைக் குறி விழுந்துவிட்டது. குழுவிலேயே அதிகம் இவருக்குத்தான். திறனறிவுப் பக்கம் மட்டும் அவர் போகவே இல்லை. “கணக்கு எனக்கு வராது டீச்சர்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

புரட்டாசியில் எல்லோருக்கும் ஒரு வினாநிரல் கொடுத்தோம். 1994-இல் ஷ்ரா, டெனிசன் என்ற இருவர் உருவாக்கிய 52 கூற்றுகள் கொண்ட மீயறிதல் வினாநிரல் ஒன்று இருக்கிறது. அதன் போக்கில் இருபது கூற்றுகளைத் தமிழில் எழுதிக்கொண்டோம். ‘படித்து முடித்ததும் எவ்வளவு புரிந்தது என்று என்னையே கேட்டுக்கொள்வேன்’, ‘ஒரு முறை பலிக்காவிட்டால் வேறு முறையில் படிப்பேன்’ என்ற மாதிரி. இவர் பதினெட்டுக்கு ‘ஆம்’ போட்டிருந்தார். படிக்கும் முறை நன்றாக இருக்கிறது, உதவி தேவையில்லை என்று நாங்களும் குறித்துக்கொண்டோம்.

அந்த மாதக் கடைசியில் காகிதத்தில் முழு மாதிரித் தேர்வு வைத்தோம். வினாத்தாளைப் புரட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் கொடுத்து, ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை சரியாக வரும் என்று முன்கூட்டியே எழுதச் சொன்னோம். இவர் எழுதியது தமிழில் 85, பொது அறிவில் 55, திறனறிவில் 8; மொத்தம் 148. வந்தது 61, 30, 15, மொத்தம் 106.

தாளைக் கையில் கொடுத்தபோது அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்தேன். “எல்லாம் படிச்சதுதான் டீச்சர். பார்த்தா தெரியுது, கேட்டா வரல.”

## ஐப்பசி: பதிவுகளைத் திறந்து பார்த்தது

செயலியில் ஆசிரியர் பக்கம் ஒன்று உண்டு. யார் எந்தக் கேள்வியை எப்போது திறந்தார்கள், எத்தனை நொடி எடுத்தார்கள், குறிப்பைத் தொட்டார்களா என்றெல்லாம் அதில் இருக்கும். அதுவரை நாங்கள் பச்சைக் குறிகளை எண்ணியதோடு சரி. இப்போது அவருடைய மூன்று வாரப் பதிவுகளை வரிவரியாகப் பார்த்தோம்.

கேள்வி திறந்த சில நொடிகளிலேயே பெரும்பாலும் குறிப்பைத் தொட்டிருந்தார். குறிப்பு மூன்று படியாக வரும். மூன்றாவது படி கிட்டத்தட்ட விடையேதான். அதைப் படித்துவிட்டு விடை போடுவார். ஐந்தாறு கேள்வி கழித்து அதே விஷயம் வேறு வடிவில் வரும். அப்போது குறிப்பு இல்லாமலே சரியாகப் போடுவார். இரண்டு தடவை சரியாகிவிட்டால் பச்சை. படித்த சூடு ஆறுவதற்குள் கேட்டதால் வந்த விடைகள் இவை. செயலி அதைத் தேர்ச்சி என்று எண்ணியது, அவரும் நம்பினார்.

ஓர் உதாரணம். காப்பியங்களில் குண்டலகேசி பௌத்தம். அதற்கு மறுப்பாக எழுந்த நீலகேசி சமணம். அவருடைய பதிவில் இந்தப் பாடம் பச்சை. காகிதத் தேர்விலோ இரண்டையும் மாற்றிப் போட்டிருந்தார். கேட்டதற்கு, “நாலு விடையும் தெரிஞ்ச பேராத்தான் இருந்துச்சு, அதனால சந்தேகமே வரல” என்றார். பெயர் பழகியிருந்தது, விஷயம் பதியவில்லை. 2006-இல் ரோடிகரும் கார்பிக்கியும் செய்த சோதனையில் இதைத்தான் பார்த்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று நம்பினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததைப் பார்க்காமல் சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது.

பதிவுகளும் எங்களை ஏமாற்றின. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சில கேள்விகளில் நாலைந்து நிமிடம் நின்றிருந்தார். அந்த இடங்களில் ஆழ்ந்து யோசிக்கிறார் என்று உடனிருந்த ஆசிரியர் குறித்தார். அவரிடமே கேட்டபோதுதான் தெரிந்தது: ஒரு நாள் மின்சாரம் போயிருந்தது, இன்னொரு நாள் குழந்தை எழுந்து அழுதிருக்கிறது, மற்றொரு நாள் மழை வந்ததால் கன்றுக்குட்டியை அவிழ்த்துக் கொட்டகைக்குள் கட்டப் போயிருக்கிறார். நொடிக்கணக்கு, அந்த நொடியில் வீட்டில் நடந்ததைச் சொல்லாது.

அதைவிடப் பெரிய விஷயம் தம்பி. அரசியலமைப்புப் பாடங்கள் ஐந்துக்குப் பச்சை விழுந்திருந்த நேரம் காலை எட்டரை. அந்த நேரத்தில் இவர் படிப்பதே இல்லை. தம்பி கல்லூரிப் பேருந்தில் போகும்போது பொழுதுபோக்காகப் போட்டிருக்கிறான். அவன் சரியாகப் போடப் போட, இவருக்கு எல்லாம் தெரியும் என்று செயலி முடிவு செய்து அந்தப் பகுதிக் கேள்விகளை இவருக்குக் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. ஊராட்சிகளுக்கான 73ஆவது திருத்தத்தையும் நகராட்சிகளுக்கான 74ஆவது திருத்தத்தையும் அவர் மாற்றி எழுதியதற்கும், பொது அறிவில் 75-க்கு 30 மட்டும் வந்ததற்கும் பாதிக் காரணம் இதுதான். ‘செயலி கேட்கவில்லை, அப்படியென்றால் எனக்குத் தெரிந்திருக்கும்’ என்று அவர் நினைத்திருக்கிறார். அதில்தான் எனக்கு மனம் மிகவும் சங்கடப்பட்டது. தன் படிப்பைப் பற்றிய தீர்ப்பை அவர் முழுக்க ஓர் இயந்திரத்திடம் விட்டிருந்தார். விடச் சொன்னதும் நாங்கள்தான்.

திறனறிவில் கதையே வேறு. 8 வரும் என்று எழுதி 15 வாங்கியவர், தனிவட்டிக் கணக்கு அத்தனையும் சரியாகப் போட்டிருந்தார். மாதாமாதம் குழுவின் கடனுக்கு வட்டி போடுகிறவர் அல்லவா! அதைக் ‘கணக்கு’ என்றே அவர் எண்ணியதில்லை.

## எடுத்த முடிவுகள்

முதலில் குறிப்பை நிறுத்த நினைத்தோம். செயலியில் அதற்கு வழி இல்லை. அதனால் ஒரு நோட்டுப் போடச் சொன்னோம். கேள்வியைப் படித்ததும், குறிப்பைத் தொடும் முன், தன் விடையையும் அதற்கு ஒரு குறியையும் நோட்டில் எழுத வேண்டும்: உறுதி, சந்தேகம், ஊகம். எழுதிய பிறகு குறிப்பைத் தாராளமாகப் பார்க்கலாம். கணிப்பு முதலில் வர வேண்டும், விடை பின்னால் வர வேண்டும் என்பதுதான் எங்கள் எண்ணம்.

இரண்டாவது, காலைக் கேள்வி. படித்த உடனே ‘இது நினைவிருக்குமா’ என்று கேட்டால் எல்லோருக்கும் இருக்கும் போலத்தான் தோன்றும். கொஞ்ச நேரம் விட்டுக் கேட்டால் கணிப்பு மிகவும் துல்லியமாகிறது என்று நெல்சனும் டன்லாஸ்கியும் 1991-இல் காட்டினார்கள். அதனால் இரவில் படித்ததை மறுநாள் காலை, வாசல் தெளித்துக் கோலம் போட்டு வந்த பிறகு, கைபேசியைத் திறக்காமல் எழுத வேண்டும்: நேற்றைய பத்துக் கேள்வியில் இன்று எத்தனை வரும்? எண்ணை எழுதிவிட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆறு நிமிட வேலை.

மூன்றாவது, வாரத்தில் இரண்டு நாள் அடுத்த பாடத்தை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். செயலியில் ‘பாடவாரியாக’ என்று ஒரு பொத்தான் எப்போதும் இருந்தது. அதுவரை எங்கள் குழுவில் ஒருவரும் அதைத் தொட்டதில்லை.

## கார்த்திகை: நாங்கள் செய்த தவறு

உற்சாகத்தில் அளவுக்கு மீறிப் போய்விட்டோம். நோட்டு போதாதென்று, தினமும் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் மூன்று கேள்வி அனுப்பினோம்: இன்று என்ன படித்தீர்கள், எப்படிப் படித்தீர்கள், எது புரியவில்லை? இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அவர் பதினோரு இரவு ஒரே பதிலைத்தான் அனுப்பியிருந்தார். முதல் நாள் பதிலை நகலெடுத்து ஒட்டியது. நோட்டிலும் பக்கம் பக்கமாகச் ‘சந்தேகம்’. மழைக்காலம், மின்வெட்டு, குழந்தைக்குச் சளிக் காய்ச்சல். அவருக்குப் படிக்கக் கிடைத்த ஒரு மணி நேரத்தில் பாதியை எங்கள் கேள்விகளே தின்றிருக்கின்றன. யோசிக்கத் தூண்டும் கேள்வியைத் தினமும் கேட்டால், யோசிக்காமல் பதில் சொல்லத்தான் பழகுவார்கள்.

இரண்டாவது மாதிரித் தேர்வில் 90 வரும் என்று எழுதினார்; வந்தது 109. கணிப்புக்கும் விடைக்கும் இருந்த இடைவெளி 42-லிருந்து 19-ஆகக் குறைந்துவிட்டது, முன்னேற்றம் என்று பதிவேட்டில் எழுதினேன். அது பிழை. அவர் கணிப்பு கூர்மையாகவில்லை, நம்பிக்கைதான் இறங்கியிருந்தது. ‘ஊகம்’ என்று குறித்த 70 கேள்வியில் 30 சரி. கண்ணை மூடிக்கொண்டு போட்டால் நாலுக்கு ஒன்றுதான் வரும். ஆக அதில் பலவும் அவருக்குத் தெரிந்தவை, தெரியும் என்ற தைரியம்தான் இல்லை. ‘உறுதி’ என்று குறித்தவை வெறும் 40. அதிலும் 11 தவறு.

அடுத்த மாலை தாமதமாக வந்தார். “எனக்கு எதுவுமே தெரியலங்கிறதுதான் இந்த நோட்டுல தெரியுது. நான் நின்னுக்கிறேன் டீச்சர்” என்றார். கண் கலங்கியிருந்தது. நான் சமாதானம் சொல்லவில்லை. ‘ஊகம்’ போட்டுச் சரியாக வந்த 30 கேள்விகளையும் அவர் எதிரிலேயே ஒவ்வொன்றாகச் சிவப்பு மையில் வட்டமிட்டேன். இதெல்லாம் யாரு போட்டதும்மா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு நோட்டை வாங்கிக்கொண்டு போனார்.

வாட்ஸ்அப் கேள்விகளை அன்றே நிறுத்தினோம். மூன்று குறி தினமும் இருபது கேள்விக்கு மட்டும் என்று ஆக்கினோம். காலைக் கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டோம்.

## தை: நெல்லைக் கடித்துப் பார்ப்பது

சம்பா அறுவடையில் பத்து நாள் படிப்பே இல்லை. அப்பாவோடு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் காவல் இருந்தார். திரும்பி வந்த அன்று அவராகவே ஆரம்பித்தார்.

“எங்கப்பா நாலு நெல்லை எடுத்துக் கடிச்சுப் பார்த்து, பதினெட்டு இருக்கும்னாங்க டீச்சர். அப்புறம்தான் மெஷின்ல வச்சாங்க. பதினேழரை காட்டுச்சு. வருஷா வருஷம் இப்படித்தான். நான்தான் மெஷினைப் பார்த்துட்டுக் கடிச்சிக்கிட்டிருந்திருக்கேன்.”

நாங்கள் மூன்று மாதமாகச் சொல்லிப் புரியவைக்க முடியாததை அவர் நாலைந்து வாக்கியத்தில் சொல்லிவிட்டார். கொள்முதலில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. மழை அடித்த ஆண்டுகளில் தளர்வு கொடுப்பார்கள். அந்த ஒரு புள்ளி, அரைப் புள்ளிக்காக விவசாயி தன் பல்லைப் பழக்கி வைத்திருக்கிறார். முதலில் கடிக்கிறார், ஓர் எண் சொல்கிறார், பிறகு கருவியில் பார்க்கிறார். எவ்வளவு தவறினோம் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

அந்தப் பேச்சையே பிடித்துக்கொண்டு, எங்களுக்கே குழப்பமாக இருந்த இன்னொன்றையும் பேசினோம். குவியல் மொத்தத்துக்கும் சராசரி ஈரம் சரியாகச் சொல்வது ஒரு திறமை. எந்த மூட்டை ஈரம் என்று காட்டுவது வேறு திறமை. ‘200-க்கு 110 வரும்’ என்று சரியாகச் சொல்லிவிடலாம். எந்த 110 என்று தெரியாவிட்டால் இன்று இரவு எதைப் படிப்பது என்று முடிவெடுக்க முடியாது. கார்த்திகையில் நான் பார்த்தது குவியலின் சராசரியை மட்டும். இனிமேல் மூன்று குறிகளையும் தனித்தனியாக எண்ணுவது என்று முடிவு செய்தோம். ‘உறுதி’ போட்டுத் தவறியவைதான் முதலில் காய வேண்டிய மூட்டை.

அன்றிலிருந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவற்றைத் தனியாக எழுத ஆரம்பித்தார். 73-க்கு நேரே ஊராட்சி, 11ஆவது அட்டவணை, 29 பொருள்கள். 74-க்கு நேரே நகராட்சி, 12ஆவது அட்டவணை, 18 பொருள்கள். கீழே ‘நாளைக் காலை’ என்று எழுதி இரண்டு கோடு.

## பங்குனி முதல் ஆனி வரை

பங்குனி மாதிரித் தேர்வில் 130 என்று எழுதினார், வந்தது 127. எனக்கு மகிழ்ச்சி தந்தது குறிகள்தான். ‘உறுதி’ 88, அதில் 80 சரி. ‘சந்தேகம்’ 64, அதில் 35. ‘ஊகம்’ 48, அதில் 12, நாலுக்கு ஒன்று. தெரியாது என்று அவர் சொன்னவை உண்மையிலேயே தெரியாதவை.

சித்திரையிலிருந்து நாங்கள் கேட்பதை ஒவ்வொன்றாக நிறுத்தினோம். தேர்வு வினாத்தாளில் விடைகளைக் குறிக்கக் கூடாது என்பது விதி. அங்கே நோட்டும் இருக்காது. குறி மனசுக்குள் விழ வேண்டும். வைகாசியில் நடந்த கடைசி மாதிரித் தேர்வில் எந்தக் கணிப்பும் கேட்கவில்லை. தாளைக் கொடுக்கும்போது, “141 இருக்கும் டீச்சர்” என்று தானாகவே சொன்னார். 136 வந்தது. அடுத்த பாடத்தைத் தேர்ந்தெடுப்பதும் முழுக்க அவர் கைக்கு வந்திருந்தது. செயலி தமிழைத் தள்ளிக்கொண்டே இருக்க, அவர் ஒரு வாரம் முழுவதும் காலமும் வேலையும் கணக்கு போட்டிருந்தார். ‘வட்டி வருது, இதுவும் வரும்’ என்பது அந்த வாரத்துக்கு அவர் எழுதிய காரணம்.

ஆனியில் தேர்வு எழுதினார். உத்தேச விடைக்குறிப்பு வரும் முன்பே 137-இலிருந்து 142-க்குள் என்றார். விடைக்குறிப்பை வைத்துப் பார்த்தபோது 139. தரவரிசை வந்தது, சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வரவில்லை. ஒன்பது மாதத்தில் முப்பதுக்கும் மேல் சரியான விடைகள் கூடியது உண்மை, அது போதவில்லை என்பதும் உண்மை. இதில் எவ்வளவு நோட்டால் வந்தது, எவ்வளவு சும்மா ஒன்பது மாதம் படித்ததால் வந்தது என்று ஒருவரை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. கணிப்பு கூர்மையானதை மட்டும் நோட்டுக்கு எழுதலாம் என்று நினைக்கிறேன். வெறுமனே படித்த முதல் இரண்டு மாதத்தின் முடிவில் அது 42 தவறியிருந்தது.

## மாற்றிச் செய்ய வேண்டியவை

வினாநிரலை முதலில் கொடுக்க மாட்டோம். எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டால், எப்படிப் படிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறார்கள். ஒரு மாதிரித் தேர்வு, அதற்கு முன் ஒரு கணிப்பு, இரண்டையும் அவர்கள் சேர்ந்த முதல் வாரத்திலேயே வைப்போம். கணிப்பைப் பகுதிவாரியாகத்தான் கேட்போம். மொத்தமாகக் கேட்டிருந்தால் அவருக்குத் திறனறிவில் இருந்த கை எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

நோட்டு தொடங்கிய சில வாரங்களில் நம்பிக்கை இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவோம். இவர் திரும்பி வந்தார். எல்லோரும் வருவார்கள் என்று சொல்ல முடியாது. அதே குழுவில் இன்னோர் இளைஞர், ஆரம்பத்திலிருந்தே தன்னைக் குறைத்து மதிப்பிடுகிறவர். அவருக்கும் இதே நோட்டைக் கொடுத்தோம். எல்லாவற்றுக்கும் ‘ஊகம்’ போட்டுப் போட்டு இன்னும் சோர்ந்துபோனார். அவருக்குக் குறிகளை விட்டுவிட்டு, சரியாக வந்தவற்றை மட்டும் காலையில் திரும்பச் சொல்ல வைத்திருக்க வேண்டும். இந்த முறை அப்படித்தான் செய்கிறோம்.

பதிவுகளை இனி அவர்களோடு உட்கார்ந்துதான் பார்ப்போம். ‘இந்த நாலு நிமிடம் என்ன நடந்தது?’ என்று கேட்டால் பத்து நொடியில் பதில் கிடைக்கும். கைபேசியைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில் ஆளுக்கு ஒரு கணக்கு என்பதைச் சேரும் அன்றே உறுதி செய்கிறோம்.

அவர் அடுத்த அறிவிக்கைக்குப் படிக்கத் தொடங்கிவிட்டார். தம்பிக்குத் தனிக் கணக்கு போட்டாயிற்று. அவனும் குரூப் 4 எழுதப் போகிறானாம். போன வாரம் அக்காவின் நோட்டைக் கேட்டிருக்கிறான். இவர் தரவில்லை. புதிதாக நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, மூன்று கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்.